வேன் கடைக்கு கேன்வாஸ் பந்தல்: நிழலும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும்

மாலை ஐந்து மணி. ஈப்போ, புந்தோங் வட்டாரத்தில் சாலையோரமாக ஒரு பழைய வேன் வந்து நிற்கிறது. பக்கவாட்டில் சுருட்டி வைத்திருந்த கேன்வாஸ் அவிழ்க்கப்படுகிறது. இரண்டு குழாய்களை நட்டு, கயிற்றை இழுத்துக் கட்டியதும் கடை தயார். எண்ணெய்ச் சட்டி காய்கிறது, வடை வாசம் எழுகிறது, வாடிக்கையாளர்கள் கூடுகிறார்கள்.

ஏழு மணிக்குக் கிந்தா பள்ளத்தாக்கின் வானம் கறுக்கிறது. எங்கிருந்தோ குளிர்ந்த காற்று ஒன்று வீசுகிறது. கேன்வாஸ் ஒரு முறை உப்பி, மறுமுறை படாரென்று அடிக்கிறது. கடைக்காரர் ஒரு கையால் குழாயையும் மறு கையால் எண்ணெய்ச் சட்டியையும் பிடித்துக்கொண்டு தவிக்கிறார்.

ஈப்போவிலும் சுற்று வட்டாரத்திலும் அங்காடி வியாபாரிகள் பலருக்குப் பழகிப்போன காட்சி இது. ஆனால், பழகிப்போனது என்பதற்காக அது ஆபத்தில்லாதது ஆகிவிடாது. பிய்ந்து பறக்கும் ஓர் இரும்புக் குழாய் யார் தலையில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தோட்டத்துப் பந்தலும் இன்றைய கேன்வாஸும்

சுங்கை சிப்புட், செம்மோர் போன்ற இடங்களில் ரப்பர் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், கல்யாணமோ காரியமோ எதுவானாலும் லயத்து வாசலில் பந்தல் எழும்பிவிடும். தென்னங்கீற்றும் மூங்கிலும்தான் அதற்கு மூலப்பொருள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. பட்டணத்துக்கு இடம்பெயர்ந்த குடும்பங்களில் பல, ஒரு வேனையோ மூன்று சக்கர வண்டியையோ நம்பிப் பிழைப்பைத் தொடங்கின.

பந்தல் கட்டும் பழக்கம் அவர்களோடு வந்தது. கட்டும் பொருள்தான் மாறியது. அந்த மாற்றத்தில்தான் சிக்கலே இருக்கிறது. கீற்றின் இடுக்குகள் வழியே காற்று புகுந்து வெளியேறும். கேன்வாஸில் ஊசி முனை அளவு இடைவெளிகூட இல்லை. பாய்மரக் கப்பலின் பாய்போல அது காற்றை முழுவதுமாகத் தாங்குகிறது. கீற்றுப் பந்தலைக் கட்டிய அதே முறையில் கேன்வாஸையும் கட்டினால் அது நிற்காது.

கணக்கைப் பார்ப்போம்

வேனின் நீளத்துக்கு 3 மீட்டர், வெளியே 2 மீட்டர் என்று கட்டினால் பந்தலின் பரப்பு 6 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர் சேரும். அதன் எடை 1 கிலோ. மாலை இடிமழையில் 25 மில்லிமீட்டர் பெய்வது ஈப்போவில் அதிசயம் இல்லை. அந்தத் தண்ணீர் வடியாமல் தேங்கினால் 150 கிலோ! 50 கிலோ அரிசி மூட்டை மூன்றைத் துணியின்மேல் அடுக்கி வைத்ததற்குச் சமம்.

காற்றின் கணக்கு இன்னும் மோசமானது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரை ஏறத்தாழ 6 கிலோ எடையளவுக்குத் தள்ளும். 72 கிலோமீட்டரானால் அது 25 கிலோ. ஆக, பந்தல் முழுவதையும் மேலே தூக்கும் விசை 150 கிலோ வரை போகலாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை தீபகற்பத்தின் மேற்குக் கரையைத் தாக்கும் 'சுமத்ரா' புயற்காற்று சில வேளைகளில் இந்த வேகத்தை எட்டுவதுண்டு. அது பெரும்பாலும் விடியற்காலையிலும் காலையிலும் வரும். காலைப் பசியாறலுக்கு நாசி லெமாக், ரொட்டி சானாய் விற்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

கொக்கியா, தண்டவாளமா?

மேலை நாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் 'கேரவன்' வண்டிகளில் விடுமுறையைக் கழிப்பவர்கள் உண்டு. அந்த வண்டிகளின் பக்கவாட்டில் ஓர் அலுமினியத் தண்டவாளம் பொருத்தப்பட்டிருக்கும். அதன் நடுவே நீண்ட பள்ளம். துணியின் ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்து, அந்த ஓரத்தைப் பள்ளத்துக்குள் ஒரு முனையிலிருந்து செருகி இழுத்தால் முடிந்தது வேலை. துணி வாங்கும்போது, தரையிலிருந்து மேலேறி, தண்டவாளத்தின் வழியே சென்று, மறுபுறம் தரையைத் தொடும்வரை அளந்து, அந்தச் சென்டிமீட்டர் கணக்கைச் சொல்லித்தான் வாங்குவார்கள். கண் மதிப்புக்கு அங்கே இடமில்லை.

நம் ஊர் வேன்களில் பெரும்பாலும் நான்கைந்து கொக்கிகளில்தான் துணியை மாட்டுகிறோம். பாரம் முழுவதும் அந்த நான்கைந்து ஓட்டைகளில் விழுவதால் அங்கிருந்து கிழியத் தொடங்குகிறது. தண்டவாளத்தில் பாரம் 3 மீட்டர் நீளத்துக்கும் பரவுகிறது. வேனுக்கும் துணிக்கும் இடையே சந்து இல்லாததால் மழைநீர் வாடிக்கையாளரின் பிடரியில் வழிவதும் இல்லை.

தண்டவாளத்தை வேனின் மெல்லிய தகட்டில் வெறும் திருகாணி போட்டு முடுக்குவது வீண் வேலை. கூரையின் உள்ளே ஓடும் இரும்புச் சட்டத்தைக் கண்டுபிடித்து, அதில்தான் முடுக்க வேண்டும். சட்டம் எட்டாத இடத்தில் உட்புறம் ஒரு பட்டை இரும்பை வைத்துப் போல்ட் போடலாம். ஒவ்வோர் ஓட்டைக்கும் நீர் புகாத பசை பூசுவது அவசியம். இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.

சரிவு எவ்வளவு?

2 மீட்டர் பந்தலுக்கு வேன் பக்கத்தைவிட வெளிப்பக்கம் 35 முதல் 50 சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும். வேன் உயரம் குறைவானது என்றால் வாடிக்கையாளர் தலை இடிக்குமே என்ற கேள்வி எழும். அதற்கும் வழி உண்டு. வெளிப்பக்கத்து இரண்டு மூலைகளில் ஒன்றை மட்டும், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாகப் பார்த்து, நன்றாகத் தாழ்த்திவிடலாம். தண்ணீர் அந்த மூலை வழியாக வடியும். கீழே ஒரு வாளி வைத்தால் தரையும் சேறாகாது.

துணி தொய்வில்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வு இருந்தால் நடுவில் குளம் கட்டும்; காற்றில் படபடவென்று அடித்துத் தையல் விடும். நைலான் கயிறு நனைந்தால் நீளும். ஆகவே மழை தொடங்கியதும் கயிற்றை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். பாலியெஸ்டர் கயிறானால் இந்தத் தொல்லை குறைவு.

காலுக்குப் பாரம்

தார்ச் சாலையில் முளை அடிக்க முடியாது. அதனால் 20 லிட்டர் தண்ணீர்த் தோம்பில் குழாயைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. பந்தலைத் தூக்கும் விசையில் பாதி வேனுக்கும் மீதிப் பாதி இரண்டு குழாய்களுக்கும் போகும். 36 கிலோமீட்டர் காற்றில் ஒரு குழாய்க்கு ஏறத்தாழ 9 கிலோ. தண்ணீர்த் தோம்பு தாங்கும். 72 கிலோமீட்டரில் ஒரு குழாய்க்கு 38 கிலோ. 20 கிலோ தோம்பு பந்தலோடு சேர்ந்து பறக்கும்!

காலியான 18 லிட்டர் சாய டின்னில் கான்கிரீட் ஊற்றினால் 40 கிலோ வரை வரும். இருவர் சேர்ந்து தூக்கலாம். அதுகூட அந்தக் காற்றுக்கு மயிரிழையில்தான் ஈடுகொடுக்கும். எனவே பெருங்காற்றுக்கு ஒரே மருந்து, பந்தலைச் சுருட்டிவிடுவதுதான்.

தைப்பூசத்தின்போது கல்லுமலைக் கோயில் வட்டாரத்திலோ, தோட்டத்துக் கோயில் திருவிழாவிலோ மண் தரை கிடைத்தால் முளையடிக்கலாம். முளையின் தலை பந்தலை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். நேராக அடித்த முளை, மண் நனைந்ததும் எளிதில் பிடுங்கிக்கொள்ளும்.

நெருப்பை மறக்க வேண்டாம்

மழைச் சாரலுக்குப் பயந்து மூன்று பக்கமும் துணியை இறக்கிவிடுவது பெரிய ஆபத்து. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையிலேயே தங்கும். அடைத்த பந்தலுக்குள் அது வெளியேற வழியில்லை. ஒரு தீப்பொறி போதும். இரண்டு பக்கமாவது தரைவரை திறந்திருக்கட்டும். அடுப்புக்கு நேர் மேலே துணி வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெனரேட்டரின் புகையில் உயிரைக் குடிக்கும் நச்சுவாயு உண்டு. அதற்கு இடம் பந்தலுக்கு வெளியே, காற்று வெளியேறும் திசையில்.

எந்தப் பக்கம் நிறுத்துவது?

நம் நாட்டில் நடைபாதை வேனின் இடப்பக்கம் அமையும். பந்தலும் அந்தப் பக்கம்தான். வடக்குத் தெற்காக ஓடும் சாலை என்றால் தெற்கு நோக்கிச் செல்லும் தடத்தில் நிறுத்தினால் பந்தல் கிழக்கே பார்க்கும். மாலை வெயிலையும் மேற்கிலிருந்து வரும் காற்றையும் வேனே மறைத்துக்கொள்ளும். சுழன்றடிக்கும் காற்றுக்கு மட்டும் இந்த மறைப்பு போதாது.

வேனின் உடற்பகுதியில் எதையும் நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும், கடை போடும் இடத்தைப் பற்றி மாநகர் மன்றத்திடமும் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. கேட்பதற்குக் காசு செலவில்லை. கேட்காமல் செய்தால் செய்த செலவும் வீண், அபராதமும் மிச்சம்.

குளிர்காற்று ஒரு தந்தி

இடிமழைக்கு முன்னால் திடீரென்று வீசும் குளிர்காற்று, மேகத்திலிருந்து தரைக்கு இறங்கி ஓடிவரும் காற்றுதான். மழை பின்னாலேயே வருகிறது என்று இயற்கை அனுப்பும் தந்தி அது. அப்போது கையில் இருப்பது சில நிமிடங்கள் மட்டுமே. முதலில் அடுப்பை அணைப்பது, அடுத்து வாடிக்கையாளரை விலகி நிற்கச் சொல்வது, பிறகு பந்தலைச் சுருட்டிக் கட்டுவது. இந்த வரிசை மாறக் கூடாது. வீட்டுக்குப் புறப்படுமுன் சுருட்டிய துணி நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதும் கட்டாயம். ஓடும் வேனில் அவிழும் பந்தல், பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டிக்கு எமனாகிவிடும்.

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்றார்கள் களத்து மேட்டில் நின்ற நம் முன்னோர். வேன் கடைக்காரர்களுக்கு அந்தப் பழமொழியைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம்: காற்று வருமுன்னே சுருட்டிக்கொள்! அரைமணி நேர வியாபாரம் போனால் நாளைக்குச் சம்பாதித்துக்கொள்ளலாம். வேனும் சட்டியும், அவற்றை நம்பியிருக்கும் குடும்பமும் பத்திரமாக இருந்தால்தான் நாளைக்கும் கடை உண்டு.