சத்திரத்தானின் பணியும் தொடர் கல்வியும்

நல்ல சமாரியன் உவமையை விளக்குவோர் பலர். அதில் வரும் சத்திரத்தானைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. சமாரியன் காயங்களைக் கட்டி, இரண்டு பணத்தைக் கொடுத்து, மறுநாள் தன் வழியே சென்றான். அதன்பின் காயமுற்றவனை இரவும் பகலும் பேணும் பொறுப்பு சத்திரத்தான்மேல் விழுந்தது. முதியோர் இல்லங்களிலும், சிறுவர் இல்லங்களிலும், மனநோயுற்றோர் காப்பகங்களிலும் பணிபுரியும் ஆயாக்கள், வார்டன்கள், இரவுக் காவலர்கள் ஆகியோர் இன்று அப்பொறுப்பை ஏற்றிருப்போர் ஆவர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இத்தகைய இல்லங்களோடு தொடர்புடைய சபைகள் பல உண்டு. ஆகவே இப்பணியாளரின் தொடர் கல்வி போதகரின் கவனத்திற்கு உரியதாகும்.

தொடர் கல்வி யாது?

பணியில் இருப்பவர் பணியை விடாமலே தம் அனுபவத்தை ஆராய்ந்து, புதிய அறிவைப் பெற்று, தம் செயல்முறையைச் சீர்செய்துகொள்ளும் இடையறாத முயற்சியே தொடர் கல்வி. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இயங்குவதால், சிறப்பாசிரியர் என்போரை அப்பகுதியினர் நன்கறிவர். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற சிறப்பாசிரியர், தொடர் கல்வியில் பங்குபெற்றதற்குச் சான்று காட்டியே தம் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். ஆனால் வகுப்பு முடிந்த மாலை முதல் விடியும்வரை விடுதிப் பிள்ளைகளோடு இருக்கும் ஆயாவுக்கு இத்தகைய பதிவுமில்லை, புதுப்பித்தலுமில்லை. மிகுந்த நேரம் உடனிருப்பவரே மிகக் குறைவாகக் கற்பிக்கப்படுகிறார்.

ஏன் இன்றியமையாதது?

முதலாவது, அறிவு வளர்கிறது. படுத்த படுக்கையாயிருப்போரின் சிவந்த தோலைத் தேய்த்துவிடவேண்டும் என்று முன்பு செவிலியருக்குக் கற்பிக்கப்பட்டது. அது தோலின் அடியிலுள்ள திசுக்களுக்குத் தீங்கு செய்யும் என அறியப்பட்டபின் அம்முறை கைவிடப்பட்டது. அழுத்தம் ஓரிடத்தில் தங்காதபடி நோயாளியை அவ்வப்போது திருப்பிப் படுக்கவைப்பதே இன்றைய முறை. பழையதை மட்டும் கற்றவர் அன்போடு தேய்த்துக்கொண்டேயிருப்பார், புண்ணோ ஆழமாகும்.

இரண்டாவது, சட்டம் மாறுகிறது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நீங்கி, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. மனநோயுற்றவரைச் சங்கிலியால் பிணைப்பதை இது முற்றிலும் தடைசெய்கிறது. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல் துறைக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் சட்டம். சிறுவர் இல்லத்தில் ஒழுங்கின் பெயரால் அடிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். இவற்றை நிர்வாகி அறிந்திருந்தால் போதாது. நள்ளிரவில் பிள்ளையின் அழுகையைக் கேட்பவர் அறிந்திருக்கவேண்டும்.

மூன்றாவது, பணியாளரின் உள்ளம் சோர்வுறுகிறது. மறதி நோயுற்ற மூதாட்டி ஒரே வினாவை இரவெல்லாம் கேட்கும்போது, அது நோயின் குணம் என்றறியாத ஆயா, அதனைப் பிடிவாதம் என்றே கொள்வார். முதலில் சலிப்பு, பின்பு கடுஞ்சொல், முடிவில் கை ஓங்குதல் எனப் படிப்படியாக நிகழக்கூடும்.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். கொடியவர் மட்டுமே சங்கிலியைக் கையிலெடுப்பர் என நாம் எண்ணிவிடலாகாது. பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாத இடத்தில் பூட்டும் கயிறுமே பாதுகாப்பாகத் தோன்றும்.

இரு மாதிரிகள்

திருச்சபை வரலாற்றில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1833ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரருகே யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் ஏழைச் சிறுவருக்கென இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பிள்ளைகள் சிறு குடும்பங்களாகப் பிரிந்து வாழ்ந்தனர். அவர்களோடு வாழ்ந்த உதவியாளரைப் பயிற்றுவிப்பதையும் இல்லத்தின் பணியாகவே அவர் கருதினார்.

நமக்கு அருகில், அம்பத்தூரை அடுத்த முகப்பேரில், மனநோயுற்று வீடின்றித் திரிந்த பெண்களுக்காக 1993இல் தொடங்கப்பெற்ற பான்யன் நிறுவனம் மற்றொரு மாதிரி. 2007இல் அது மனநலக் கல்விக்கெனத் தனி அமைப்பொன்றை ஏற்படுத்தியது. 2015 முதல், நெடுநாள் காப்பகத்திலிருந்தோரில் நால்வர் ஐவராக வாடகை வீடுகளில் ஊராரிடையே குடியமர்த்தும் திட்டத்தையும் நடத்திவருகிறது. அவ்வீடுகளில் உடனிருந்து உதவுவோர் பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்களேயாவர். கற்பிக்கப்பட்ட எளியவர் அரிய பணியை ஆற்றவல்லவர் என்பதற்கு இது சான்று.

நடைமுறை

தனித்தனியே பயிற்சி நடத்தச் சிறிய இல்லங்களால் இயலாது. அண்டையிலுள்ள நான்கைந்து இல்லங்கள் இணைந்து மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் கூடலாம். ஒரு மாதம் படுக்கைப் புண், அடுத்த மாதம் உணவூட்டும் முறை, பின்பு மறதி நோய், பிள்ளைகளின் பாதுகாப்பு என வரிசைப்படுத்தலாம். எல்லாம் தமிழிலும், செய்து காட்டும் முறையிலும் அமையவேண்டும். பணியாளர் தம் இடர்ப்பாடுகளைக் கூறுவதற்குப் பாதிநேரம் ஒதுக்கவேண்டும். இரவுப் பணியினருக்கு வேறு நாளில் அதையே மீண்டும் நடத்தவேண்டும். பயிற்சி நேரம் ஊதியத்திற்குரிய பணிநேரமாகவே கணக்கிடப்படுதல் நீதி.

“அன்பு இருந்தால் போதாதா?” என்று சிலர் வினவுவர். அன்புள்ள தாயும் மருந்தின் அளவைக் கேட்டறிந்தே கொடுக்கிறாள். “பயிற்சி பெற்றவர் வேறிடம் போய்விடுவாரே” என்பர் வேறு சிலர். போகக்கூடும், ஆயினும் பயிற்சி பெறாதவர் நம்மிடமே தங்குவது அதனினும் பெரிய இழப்பன்றோ? தவிரவும், மதிப்பும் ஊதிய உயர்வும் பயிற்சியோடு இணைந்து வருமாயின் பலர் தங்குவர்.

இல்லத்திற்கு அரிசியும் ஆடையும் அளிப்பதில் நம் சபைகள் தாராளமுள்ளவை. இவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் பணியாளர் பயிற்சிக்கென ஒரு வரி சேர்க்கப்படுமாறு போதகர்கள் முயலவேண்டும். நிதிக்குழு அதற்கு இசைந்தபின், முதற்கூட்டத்தில் போதகரும் உரையாற்றாமல் அமர்ந்து கேட்பாராக.