அப்பா காலத்துப் பாட்டு பிள்ளைக்கு ஏன் பிடிக்கிறது?

அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தில் கரோல் கிரம்ஹான்சல் இருபது வயதை ஒட்டிய மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரை வெற்றி பெற்ற பாடல்களின் துண்டுகளைப் போட்டுக் காட்டினார். அவரவர் வளர்ந்த காலத்துப் பாடல்கள் பிடித்தன, அதில் வியப்பில்லை. ஆனால் 1980களின் தொடக்கத்துப் பாடல்களுக்கும் தனி ஈர்ப்பு இருந்தது. அவர்கள் பிறப்பதற்கு முந்தைய பாடல்கள் அவை. பெற்றோரின் இளமைக்காலப் பாடல்கள். 2013இல் வெளியான ஆய்வு இது.

காரணம் பழக்கம். திரும்பத் திரும்பக் கேட்டது பிடித்துப்போகும். அடுத்த சுரம் எங்கே போகும் என்று மூளை முன்கூட்டியே ஊகிக்கிறது; பிடித்த இடம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே டோபமைன் சுரக்கிறது. வீட்டில் ஓயாமல் ஒலித்த பாட்டுதான் அந்த ஊகத்துக்குப் பாடம்.

ரசனையில் வர்க்கத்துக்கும் பங்கு உண்டு. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட நூலில், ரசனை கல்வியையும் குடும்பப் பின்னணியையும் ஒட்டியே அமைகிறது என்றார். 'நல்ல ரசனை' என்று பெருமை பேசுபவர்கள் அதைப் படிக்கலாம்!

கேட்டுக் கேட்டு வரும் பழக்கமோ வெகு சீக்கிரம் தொடங்குகிறது. பால்கன் நாட்டுப்புற இசையின் ஒழுங்கற்ற தாளம் பிசகினால் வட அமெரிக்காவின் ஆறு மாதக் குழந்தைகள் கண்டுகொள்கின்றன. ஒரு வயதுக் குழந்தைகளால் முடிவதில்லை. இரண்டு வாரம் வீட்டில் கேட்கவைத்தால் அந்த ஒரு வயதுக் குழந்தைகளுக்குத் திறமை திரும்புகிறது. பெரியவர்களுக்கு அந்த இரண்டு வாரம் போதவில்லை.