தண்ணீர் ஊற்றினால் சூடாகும் சாப்பாடு: உள்ளே இருப்பது நாம் அறிந்த சுண்ணாம்பு

குருக்கள்மடத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. வாவியைக் கடந்தால் அம்பிளாந்துறை, அதற்கப்பால் படுவான்கரைக் கிராமங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசெம்பர் 26 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம், இவற்றுக்கிடையே போர் தந்த இடப்பெயர்வுகள் என்று இந்த இரு கரைகளிலும் உள்ளவர்கள் பலமுறை வீட்டை விட்டுப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கியிருக்கிறார்கள். உலர் உணவு நிவாரணம் வாங்கியவர்களுக்கு ஒன்று தெரியும். அரிசியும் பருப்பும் மாவும் கைக்கு வந்த பிறகும் சாப்பாடு வந்துவிடுவதில்லை. காய்ந்த விறகு வேண்டும், பானை வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும்.

நெருப்பில்லாமல் தானாகவே சூடாகும் உணவுப் பேணிகளும் பொதிகளும் இந்தச் சிக்கலுக்கு விடையாகுமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. வெளிநாட்டு உறவுகள் கொண்டுவரும் பொருட்களிலும், இணையக் கடைகளிலும் இவை தென்படுகின்றன. இவற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே உதவும், எங்கே ஆபத்தாகும் என்று சொல்ல முடியும்.

பலவகைப் பொதிகளில் சூட்டைத் தருவது நீறாத சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஒட்சைட்டு. சிப்பியையும் முருகைக்கல்லையும் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது கரையோர ஊர்களின் பழைய தொழில். (முருகைக்கல் அகழ்வது இன்று சட்டவிரோதம்.) ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் சுடும்போது சிப்பியிலுள்ள கல்சியம் காபனேற்று உடைந்து, காபனீரொட்சைட்டு வெளியேறி, கல்சியம் ஒட்சைட்டு மிஞ்சுகிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் சீறிக்கொண்டு ஆவி பறக்கும். சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பாடசாலைப் புத்தகத்தில் இதற்குப் பெயர் புறவெப்பத் தாக்கம். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பு ஏற்கெனவே நீறியது; அதனால் அது சூடாவதில்லை.

ஒரு கிராம் நீறாத சுண்ணாம்பு முழுமையாக நீறும்போது ஏறத்தாழ 1.15 கிலோயூல் வெப்பம் வெளிவருகிறது. 300 கிராம் சோற்றையும் கறியையும் 30 பாகையிலிருந்து 70 பாகைக்குக் கொண்டுவர, அதைத் தண்ணீராக எண்ணிக் கணக்கிட்டால், ஏறத்தாழ 50 கிலோயூல் வேண்டும். அதாவது குறைந்தது 44 கிராம் சுண்ணாம்பு. வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

அமெரிக்க இராணுவத்தின் உணவுப்பொதிகளில் 1990களிலிருந்து வரும் சூடாக்கி வேறு வகையைச் சேர்ந்தது. அதில் மகனீசியத் தூளுடன் சிறிதளவு இரும்பும் உப்பும் கலந்திருக்கும். மகனீசியம் தனியே தண்ணீரில் பட்டால் மேலே ஒரு படலம் உருவாகித் தாக்கம் தளர்ந்துவிடும். உப்பு அந்தப் படலத்தைக் குலைக்கிறது; இரும்பு தாக்கத்தை விரைவாக்குகிறது. சுமார் 227 கிராம் உணவை 12 நிமிடத்தில் 56 பாகை அளவுக்குச் சூடேற்றுவதே இதன் நியமம். எடைக்கு எடை பார்த்தால் மகனீசியம் சுண்ணாம்பைவிடப் பன்னிரண்டு மடங்கு சூடு தரும். ஆனால் ஒவ்வொரு கிராம் மகனீசியத்துக்கும் ஏறத்தாழ ஒரு லீற்றர் ஐதரசன் வாயு வெளியேறும். அது எளிதில் தீப்பற்றக்கூடியது.

பேணியின் கதை இன்னும் பழையது. 1944இல் நோர்மண்டியில் தரையிறங்கிய பிரித்தானியப் படையினருக்கு ஹைன்ஸ் நிறுவனத்தின் சூப் பேணிகள் கொடுக்கப்பட்டன. பேணியின் நடுவே எரிபொருள் நிரப்பிய ஒரு குழாய் இருந்தது. சிகரெட்டால் பற்றவைத்தால் சில நிமிடங்களில் சூப் கொதிக்கும். முதலில் பேணியில் துளையிட மறந்தால் வெடித்துவிடும்.

படையினருக்காக இவ்வளவு யோசித்த உலகம், இடம்பெயர்ந்த மக்களுக்கு அந்தச் சூட்டைக் கொடுக்கவில்லை. 1993 முதல் அமெரிக்கா வழங்கிவரும் மனிதாபிமான நாளாந்த உணவுப்பொதியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கான சுமார் 2,200 கலோரி உணவு இருக்கிறது, சூடாக்கி இல்லை. அதைக் குளிர்ந்தபடியே சாப்பிட வேண்டும்.

அப்படியானால் நமது வெள்ளக் காலத்துக்கு இந்தப் பொதிகளை வாங்கிச் சேர்க்கலாமா? கணக்கு மறுபக்கம் சாய்கிறது. ஒரு கிலோ அரிசி ஆக்குவதற்கு இரண்டு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே ஏறத்தாழ 590 கிலோயூல் வேண்டும். அதற்கு அரைக் கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு போகும். அதன் பிறகும் அரிசி வேக வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகிலோ 15,000 கிலோயூல் அளவில் இருக்கிறது. ஆகவே இந்தப் பொதிகள் ஏற்கெனவே சமைத்ததைச் சூடாக்கும், சமைக்காது. அவற்றின் சூடும் சும்மா வந்ததல்ல. சூளையில் எரித்த விறகின் அல்லது எண்ணெயின் ஒரு பங்குதான் சுண்ணாம்பில் ஒளிந்திருந்து திரும்பி வருகிறது.

இன்னொரு ஆபத்து சேமிப்பில் இருக்கிறது. வெள்ளத்துக்கென்று வாங்கி வைத்த பொதிகள் வெள்ளத்தில் நனைந்தால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நிலையிலேயே சூடாகத் தொடங்கும். மூடிய அறையில் ஐதரசன் சேரும். விமானத்தில் எடுத்துவருவதும் இதே காரணத்தால் சிக்கலானது. 2006இல் அமெரிக்க சிவில் விமானப் போக்குவரத்து நிர்வாகம் இராணுவச் சூடாக்கிகளைச் சோதித்து, பயணிகள் விமானத்தில் அவை ஆபத்தானவை என்று எச்சரித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளுக்கு இதைச் சொல்லி வைப்பது நல்லது.

கைக்கு வந்துவிட்டால் கவனிக்க வேண்டியவை சில. திறந்த இடத்தில், விளக்கும் அடுப்பும் பீடியும் இல்லாத பக்கத்தில் பயன்படுத்துங்கள். குறித்த அளவு குளிர்ந்த தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். ஆவி போகும் துளையை அடைக்காதீர்கள். சூடாக்கிப் பையைக் கிழிக்காதீர்கள். அதிலுள்ள தண்ணீர் உணவில் படாதபடி உறை மூடியிருந்தால் வாவித் தண்ணீரும் போதும். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. உறையில் அடைத்து வரும் உணவு தொழிற்சாலையிலேயே கிருமி நீக்கப்பட்டது. நேற்றைய சாப்பாட்டுப் பார்சலை இதில் வைத்துச் சூடாக்கினால் கிருமி சாகும் என்று நம்ப வேண்டாம். நீறாத சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே நிறையச் சுத்தமான தண்ணீரால் நீண்ட நேரம் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் பையைத் திறந்து விளையாடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய பையை வாவியில் எறியாதீர்கள்; எஞ்சிய காரம் மீன்குஞ்சுகளைப் பாதிக்கும்.

முதல் இரவில், பொதுச் சமையல் தொடங்குவதற்கு முன், பிள்ளை பெற்ற தாய்க்கும் வயதானவர்களுக்கும் ஒரு நேரச் சூடான உணவாக இவை உதவலாம். அதற்கு ஒரு சில பொதிகள், உயரமான காய்ந்த இடத்தில், காற்றுப் புகும்படி வைத்திருந்தால் போதும். அடுத்த நாளிலிருந்து நூறு பேருக்குச் சோறு போடப்போவது மேட்டு நிலத்தில் உள்ள ஒரு கூரையும், அதன் கீழ் நனையாத விறகும், பெரிய பானைகளும்தான். மாரி தொடங்குவதற்கு முன் ஊர் கூடி முதலில் சேர்க்க வேண்டியதும் அவற்றையே.