மருந்தைப் பிடிக்கும் கரி

மலைநாட்டில் பிறக்கும் மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இடையே கங்கைப் பாலத்தைத் தாண்டிக் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மேலேயுள்ள ஊர்கள் ஆற்றில் விடுவது கடைசியில் நம் பக்கம்தான் வரும். குப்பையைக் கண் காணும். கரைந்திருக்கும் அன்டிபயோட்டிக்கைக் காணாது.

நாம் விழுங்கும் அமொக்சிசிலினில் ஏறத்தாழ 60 சதவீதம் சில மணி நேரத்துக்குள் மாறாமலே சிறுநீரோடு போய்விடுகிறது. கோழிக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் மருந்துகள் பலவும் இப்படித்தான். நீரில் சொற்பமாகக் கிடக்கும் மருந்து கிருமியைக் கொல்வதில்லை, தாக்குப்பிடிக்கும் கிருமிகளைப் பெருக விடுகிறது. ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக் இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. சாதாரணச் சுத்திகரிப்பை நம்பியிருக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இங்கேதான் கரி உதவுகிறது. காற்றுப் புகாமல் சுட்டு, நீராவி பாய்ச்சி நுண்துளை திறந்த கரியில் ஒரு கிராமுக்குள் கால் ஏக்கர் வயலளவு பரப்பு ஒளிந்திருக்கும். மருந்து மூலக்கூறின் தட்டையான வளையங்கள் கரியின் கார்பன் தகடுகள்மேல் படிந்து ஒட்டிக்கொள்கின்றன. சில ஐதரசன் பிணைப்பால் நிற்கின்றன, சில துளைக்குள் சிக்குகின்றன. இதுவே புறத்துறிஞ்சல். இலங்கை விஞ்ஞானி அனுஷ்கா ராஜபக்ஷவும் சகாக்களும் 2014இல் தேயிலைக் கழிவை 700 பாகை செல்சியஸில் சுட்டு நீராவி ஏற்றிய கரியைச் சோதித்தார்கள். கால்நடை மருந்தான சல்பாமெத்தசீனைக் கிராமுக்கு ஏறத்தாழ 34 மில்லிகிராம் வரை அது பிடித்தது. ஆனால் அது பிஎச் 3 அளவு புளிப்பான நீரில். ஆற்று நீர் அப்படி இருக்காது. அதிலுள்ள மக்கிய இலைதழைச் சாறும் துளைகளுக்குப் போட்டி போடும்.

ஆகவே ஆற்றில் கரியைக் கொட்டிப் பயனில்லை. மருந்து செறிவாக வெளியேறும் வைத்தியசாலை வடிகாலிலும் பண்ணைக் கழிவு வாயிலிலும் கரி வடிகட்டியை வைத்தால்தான் பலன். சுவிட்சர்லாந்து 2016 முதல் பெரிய கழிவுநீர் நிலையங்களில் நுண்மாசுகளை நீக்கும்படி சட்டமாக்கியிருக்கிறது; அதற்குக் கரித்தூளோ ஓசோனோ பயன்படுகிறது. அவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் சிரட்டை இருக்கிறது. சிரட்டைக் கரியைப் பதப்படுத்தி உலகத்துக்கு விற்கும் நாடு இது. நம் அரிசி ஆலைகளில் குவியும் உமியையும் கரியாக்கலாம். உமியில் சிலிக்கா மிகுதி என்பதால் கூடுதலாகப் பதப்படுத்த வேண்டும்.

மருந்து ஏறிய கரியை வயலில் உரமென்று போட்டுவிடக் கூடாது. பிடித்ததை மண் மெல்லத் திரும்ப வாங்கிக்கொள்ளும். உயர் வெப்பத்தில் எரித்தோ மீளச் சுட்டோ மருந்தை அழிக்கும் ஏற்பாடும் வடிகட்டியோடு சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும்.