விசிறி சுழல்கிறது, வெப்பம் வெளியேறுகிறதா?

மாணவர்களே, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே 40 பேர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலே சுமார் 75 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. மொத்தம் 3,000 வாட்! 1,000 வாட் மின் அடுப்புகள் மூன்றை அறைக்குள் வைத்தது போலத்தான்.

மின்விசிறி இதை வெளியேற்றுகிறதா? இல்லை. உள்ளிருக்கும் காற்றையே கலக்குகிறது. வியர்வை விரைவாக ஆவியாவதால் நமக்குச் சுகமாயிருக்கிறது, அவ்வளவே. சாதாரண விசிறியின் 75 வாட்டும் கடைசியில் வெப்பமாகி அறையிலேயே சேருகிறது!

வெப்பம் போக, காற்று மாற வேண்டும். 1 கன மீட்டர் காற்றை 1 டிகிரி சூடாக்கச் சுமார் 1,200 ஜூல் வேண்டும். வெளிக்காற்றைவிட அறைக்காற்று 3 டிகிரிக்கு மேல் சூடேறாதிருக்க, விநாடிக்கு 3,000 ÷ 3,600, அதாவது ஏறத்தாழ 0.8 கன மீட்டர் காற்று மாற வேண்டும். சூடான காற்று இலேசானது, மேலே எழும். அது வெளியேறத்தான் கூரையையொட்டி வென்டிலேட்டர். அதை அட்டையால் அடைத்துவிட்டு, இன்னொரு விசிறி மாட்டுவதையும் பார்த்திருக்கிறேன்!

புதுச்சேரியில் 1937இல் கட்டத் தொடங்கிய 'கோல்கொண்ட்' விடுதியில் கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட், வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதில் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகளை வைத்தார். வெயில் தடைபடும், காற்று குறுக்கே ஓடும்.

சித்திரை நண்பகலில் வெளிக்காற்றே சூடு. அன்றைக்கு, முந்திய இரவில் திறந்துவைத்துக் குளிர்ந்த சுவர்கள்தாம் உதவும்.

ஆசிரியர் அனுமதியுடன், விசிறியை நிறுத்திவிட்டு ஓர் ஊதுபத்தியைச் சன்னலருகே பிடியுங்கள். புகை எந்த வழியாக வெளியேறுகிறது?