எஃகு அறுவதற்கு முன்

2005 ஜூன் 24. ஹூக்ளி ஆற்றில் நீர்மட்டம் ஏறியிருந்த நேரம். ஹௌரா பாலத்தைக் கடக்க முயன்ற சரக்குக் கப்பலொன்றின் புகைபோக்கி பாலத்தின் அடியில் சிக்கிக்கொண்டது. மூன்று மணி நேரம் கப்பல் நகரவில்லை. உத்திரங்கள் சேதமடைந்தன. பராமரிப்பு டிராலி ஓடும் தண்டவாளம் சுமார் 350 மீட்டர் நீளத்துக்கு முறுக்கிக்கொண்டது. நஷ்டம் ஒன்றரைக் கோடி ரூபாய். ஆனாலும் பாலம் நின்றது.

1943 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் 26,500 டன் எஃகில் 23,000 டன், டாடா நிறுவனம் தயாரித்த உயர்வலிமை எஃகு. அதே ஆண்டு ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 'ஷெனெக்டடி' என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல், துறையில் கட்டியிருந்த நிலையிலேயே இரண்டாகப் பிளந்தது. அதுவும் எஃகுதான். ஆனால் குளிரில் அது நொறுங்கும் குணத்துக்கு மாறியிருந்தது, முன்னறிவிப்பே இல்லை.

நல்ல எஃகு அப்படிப் பிளக்காது. வளையும், நீளும், கடைசியில்தான் அறும். அதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது?

சோதனைக்கூடத்தில் ஓர் எஃகுக் கம்பியை இருபுறமும் இழுத்தால், முதலில் சீராக நீளும். பிறகு ஓரிடத்தில் இடை சிறுக்கும். அந்த இடையின் நடுப்பகுதியை எல்லாத் திசைகளிலிருந்தும் இழுவிசை பிடித்து இழுக்கிறது. எஃகுக்குள் எப்போதும் கொஞ்சம் கலப்பு இருக்கும். குறிப்பாக, மாங்கனீசு சல்பைடு துகள்கள். சுற்றியுள்ள உலோகம் நீளும். துகளால் நீள முடியாது. அது உடைகிறது, அல்லது உலோகத்தைவிட்டு விலகுகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை பிறக்கிறது.

இழுக்க இழுக்கத் துளைகள் பெரிதாகின்றன. இரண்டு துளைகளுக்கு இடையிலான மெல்லிய சுவர் அறுந்து அவை ஒன்றுசேர, நடுவில் விரிசல் உருவாகிறது. கடைசியாக வெளிவிளிம்பு சாய்வாக வெட்டுண்டு போகும். ஒரு துண்டின் முனை கிண்ணம் போலவும், மற்றதன் முனை கூம்பு போலவும் மிஞ்சும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த முகம் தேனடையைப் போலக் குழிகுழியாகத் தெரியும். பல குழிகளின் அடியில் துகள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

உடைந்த போர்க்காலக் கப்பல்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் கான்ஸ்டன்ஸ் டிப்பர்தான், இத்துளைகள் துகள்களிலிருந்து தொடங்குவதை 1949-இல் எடுத்துக்காட்டினார். எல்லாப் பக்கமும் இழுபடும் இடத்தில் துளை மிக வேகமாக வளர்வதை 1969-இல் ஆய்வாளர்கள் ரைஸும் டிரேசியும் கணக்கிட்டார்கள். துளை நிறைந்த உலோகம் எப்போது விட்டுக்கொடுக்கும் என்பதற்கு 1977-இல் கர்சன் என்ற ஆய்வாளர் சமன்பாடு தந்தார். எரிவாயுக் குழாய்களும் அணு உலைக் கலன்களும் எவ்வளவு தாங்கும் என்று கணிக்க இவ்வழிக் கணக்குகள் இன்றும் உதவுகின்றன.

எஃகு ஆலைகளுக்கும் இதில் பாடம் உண்டு. கந்தகத்தைக் குறைத்தால் துகள்கள் குறையும். கால்சியம் சேர்த்தால், நீண்டு தட்டையாகும் சல்பைடுகள் உருண்டையாகவே நிற்கும். எஃகு எவ்வளவு வலிமையானது என்று கேட்பதோடு, எவ்வளவு சுத்தமானது என்றும் கேட்டு வாங்குவதே பாலம் கட்டுவோருக்குப் பாதுகாப்பு.