தொடர்பு அறும் வேளையில் கைகொடுக்கும் சிற்றலை

கவிழ்த்து நிறுத்திய ஒரு சைக்கிள். அதன் மிதியைக் கையால் சுற்றும் ஒரு சிறுவன். சில்லோடு உரசும் டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் வானொலிப் பெட்டிக்குப் போகின்றன. முற்றத்தில் அயலட்டம் முழுவதும் கூடியிருக்கிறது. மின்சாரம் இல்லாமலும் பற்றறிக்குத் தடை இருந்தும் நாம் வாழ்ந்த 1990களில், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியையும் இலண்டனிலிருந்து வந்த தமிழோசையையும் இப்படித்தான் கேட்டோம்.

ஆனால் அந்தப் பெட்டி கேட்க மட்டுமே உதவியது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் வேலணையையும் அயற்தீவுகளையும் விட்டு எமது மக்கள் வெளியேறியபோதும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோதும், எம்மிடமிருந்து ஒரு சொல்லை வெளியே அனுப்ப வழி இருக்கவில்லை. தாய் எந்தப் பாடசாலையில், மகன் எந்தக் கோயில் மண்டபத்தில் என்று தெரியாமல் குடும்பங்கள் அலைந்ததை வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அனுப்பும் கருவி ஒன்றை வைத்திருப்பதே ஆபத்தாக இருந்த காலம் அது.

இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. எனினும் அது கோபுரத்தை நம்பியது. கோபுரம் மின்சாரத்தை நம்பியது. பெரும் புயல் ஒன்று அடித்தால் இரண்டும் ஒன்றாகவே விழக்கூடும். அப்போது என்ன செய்வது? இதற்கு ஒரு வழியை வைத்திருப்பவர்கள் வானொலி அமெச்சூர்கள். பரீட்சை எழுதி, அரசின் அனுமதிப்பத்திரம் பெற்று, இலாப நோக்கமின்றிச் சொந்தக் கருவியால் பேசுபவர்கள் இவர்கள்.

இரண்டு தீவுகளின் பாடம்

2004 டிசம்பரில் இந்தியாவைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, உலக அமெச்சூர்களோடு பேசுவதற்காகத் தமது குழுவினருடன் அந்தமான் தீவுகளின் போர்ட் பிளேயர் நகருக்குச் சென்றிருந்தார். டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கியது, கடல் எழுந்தது, தொலைபேசிகள் செயலிழந்தன. பொழுதுபோக்குக்காகக் கொண்டு சென்ற கருவி அன்றே உயிர்காக்கும் கருவியாயிற்று. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று பெருநிலத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு அந்தக் குழு பதில் தேடிக் கொடுத்தது.

அதே நாளில் எமது நாட்டிலும் தென்கரை அழிந்தது. இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலக்கவும் அவரது தோழர்களும் அம்பாந்தோட்டைக்குக் கருவியைக் கொண்டுபோய், அங்கிருந்து கொழும்பில் பிரதமர் அலுவலகத்துடன் சிற்றலையில் தொடர்பை ஏற்படுத்தினார்கள். அதற்குக் கம்பியும் கோபுரமும் தேவைப்படவில்லை.

வேலிக்கு மேலால் எறியும் தண்ணீர்

இது எப்படி நடக்கிறது? வாளித் தண்ணீரைச் சரித்து வீசினால் அது வேலி தாண்டி அடுத்த வளவில் விழும். நேர் மேலே எறிந்தால் எமது தோட்டத்திலேயே விழும். சிற்றலையும் அப்படித்தான். வானில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற ஒரு படை இருக்கிறது. சரிவாகப் போகும் அலை அதில் பட்டுத் தொலைநாடுகளில் இறங்கும். ஏறக்குறைய நிமிர்ந்து போகும் அலை சுற்றிலும் சில நூறு கிலோமீற்றருக்குள் மழைபோல் இறங்கும். வேலணையில் எழுந்த சொல்லை நெடுந்தீவிலும் கேட்கலாம், வன்னியிலும் கேட்கலாம், 300 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கொழும்பிலும் கேட்கலாம்.

இந்த வேலைக்கு ஏற்றதாக இருந்தும் பலர் அறியாதது 60 மீற்றர் அலைவரிசை. அமெச்சூர்கள் வழமையாகப் பாவிக்கும் 80 மீற்றர் அலை பகலில் மெலிந்துவிடும். 40 மீற்றர் அலை இரவில் சில வேளைகளில் அருகிலுள்ளவர்களைத் தாண்டித் தூரத்துக்குப் போய்விடும். இரண்டுக்கும் இடையில் இருக்கும் 60 மீற்றர் அந்த இடைவெளியை நிரப்புகிறது. 2015 இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு 5351.5 தொடக்கம் 5366.5 கிலோஹேர்ட்ஸ் வரையான துண்டை அமெச்சூர்களுக்கு ஒதுக்கியது. அகலம் 15 கிலோஹேர்ட்ஸ் மட்டுமே. ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் கொள்ளாது. அலைக்கம்பியிலிருந்து வெளியேறும் வலுவுக்கும் 15 வாற் என்ற எல்லை உண்டு. ஏற்கனவே அந்த இடத்தைப் பாவிப்போருக்கு இடைஞ்சல் செய்யவும் கூடாது. எல்லா நாடுகளும் இதைத் திறந்துவிடவும் இல்லை. ஆகவேதான் அங்கு ஆள் நடமாட்டம் குறைவு.

15 வாற் என்றால் ஒரு சிறு மின்குமிழின் அளவு. மோட்டார் சைக்கிள் பற்றறியும் ஒரு சிறிய சூரியத் தகடும் அதற்குப் போதும். அலைக்கம்பியாக இரு பக்கமும் பதின்மூன்று மீற்றர் செப்புக் கம்பி வேண்டும். அதைப் பனையின் வட்டுவரை ஏற்ற வேண்டியதில்லை. மேல்நோக்கி எறிவதே நோக்கம் என்பதால் இரண்டு மூன்று ஆள் உயரத்தில், இரண்டு மரங்களுக்கிடையில் கட்டினாலே வேலை செய்யும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, சட்டப்படி செய்வது. எமது பிரதேசங்களில் அனுமதியில்லாத கருவி ஒன்று எவ்வளவு துன்பத்தைக் கொண்டுவரும் என்பதை அனுபவத்தால் அறிவோம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவே அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. எந்த அலைவரிசைகளில் பேசலாம் என்பதையும் அங்கேயே கேட்டறிய வேண்டும். 60 மீற்றர் கிடைக்காவிட்டால் பகலில் 40, இரவில் 80 என்று மாறி மாறிப் பாவித்து இதே பயனைப் பெறலாம்.

இரண்டாவது, இளைஞர்களைப் பயிற்றுவிப்பது. விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் சிலரும் ஓர் ஆசிரியரும் சேர்ந்தால் பாடசாலையில் ஒரு கழகம் தொடங்கலாம். முதலில் கேட்டுப் பழகட்டும். சாதாரண வானொலிப் பெட்டியில் அமெச்சூர்களின் பேச்சு வாத்துக் கத்துவது போலவே ஒலிக்கும். அதை மனிதக் குரலாக மாற்றும் வசதியுள்ள பெட்டி தேவை.

மூன்றாவது, இடர் வருமுன்னரே பழகுவது. வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், வேலணையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் வன்னியிலும் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அழைத்துப் பார்க்க வேண்டும். செய்தியைச் சுருக்கமாக எழுதி, வாசித்து, கேட்டவர் திருப்பிச் சொன்ன பின்னரே முடிக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் ஒரு குடும்பம் வீணாக அழும். இங்கே பேசுவதை எவரும் கேட்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. இரகசியத்துக்கும் வியாபாரத்துக்கும் இதில் இடமில்லை.

தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 இலும், வேரித்தாஸின் சிற்றலை ஒலிபரப்பு 2018 இலும் நின்றுவிட்டன. பழைய பெட்டிகள் பரணில் தூங்குகின்றன. ஆனால் டைனமோவைச் சுற்றிய அந்தச் சிறுவன் இன்று ஒரு தகப்பன். சிலர் ஊருக்கு மீண்டோம். பலர் இன்னும் வேறிடங்களில் இருக்கிறோம். இன்னொரு முறை எமது மக்கள் சிதற நேர்ந்தால், அது புயலாலோ வெள்ளத்தாலோ எதனால் ஆனாலும், அவனுடைய பிள்ளை கேட்பவளாக மட்டும் இருக்கக்கூடாது. “அம்மா இங்கே சுகமாக இருக்கிறா” என்ற நாலு சொல்லை அனுப்பத் தெரிந்தவளாகவும் இருக்க வேண்டும்.